கோப்பையை ஆட்டத் தெரிந்தவன்

துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்துக்குக் கப்பல் வராத நாள்கூட உண்டு. எங்கள் கேம்ப்பில் கல்லிவல்லியை யாரும் சாப்பிடக் கூப்பிடாத நாள் கிடையாது. வியாழன் இரவு பட்டாணியர் அறையில் ரொட்டி, சனிக்கிழமை மலையாளிகளிடம் மீன்குழம்பு. பெருநாளைக்கு அரபி வீட்டிலேயே தரையில் உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் ஆட்டுக்கறிச் சோறு. வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவன். எட்டாம் வகுப்பு வரை படித்த என்னை நாலு வருஷத்தில் ஒருத்தரும் ஒரு டீக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

‘கல்லிவல்லி’ என்றால் அங்கே ‘விட்டுத்தள்ளு’ என்று அர்த்தம். எதைக் கேட்டாலும் அதையே சொல்வான், அதுவே பெயராகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. கிடங்குக்கு ஸ்டோர் கீப்பர் தேவைப்பட்டார். ஏசி போட்ட அறை. பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்றார்கள். நான் ஏற்கெனவே வெயிலில் மயங்கி விழுந்து, “இன்னொரு தடவை விழுந்தா ஊருக்கு டிக்கெட்தான்” என்று போர்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். வருவது வரட்டும் என்று பெயர் கொடுத்தேன். பின்னாலேயே கல்லிவல்லியும் கொடுத்தான்.

“ஏண்டா, கையெழுத்தே போடத் தெரியாது, உனக்கு எதுக்குடா?”

“நீங்க தனியாப் போனா பயப்படுவீங்களேண்ணே.”

ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் பதில் ஒத்திகை பார்த்தேன். “அவரு என்ன, உங்களைப் பொண்ணு பாக்கவா வர்றாரு? படுங்கண்ணே” என்றான்.

முதீர், அதாவது அரபி மேனேஜர், இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார். கேள்வி எதுவும் கேட்காமல், பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் காவா என்கிற கசப்பான அரபிக் காப்பியை ஊற்றித் தந்தார். கல்லிவல்லி ஒரு கோப்பை குடித்தான். அவனுக்கு மறுபடி ஊற்றவில்லை. எனக்கு ஊற்றினார். குடித்தேன். திரும்பவும் ஊற்றினார். வேலை எனக்குத்தான் என்று முடிவு கட்டி, கல்லிவல்லியை ஓரக்கண்ணால் இளக்காரமாகப் பார்த்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தார். மனப்பாடம் செய்த இங்கிலீஷ் மொத்தமும் அந்தக் காவாவில் கரைந்து போயிற்று.

கல்லிவல்லி எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக் கோப்பையை லேசாக ஆட்டினான். “இப்படி ஆட்டினாத்தாண்ணே போதும்னு அர்த்தம். இல்லேன்னா அவரு பொழுதுக்கும் ஊத்துவாரு.”

முதீர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “சர்ட்டிபிகேட்?” என்றார்.

“மாஃபி”, இல்லை என்று இரண்டு பேருக்கும் சேர்த்துக் கையை விரித்தான் கல்லிவல்லி. பிறகு அரபியும் இந்தியும் கலந்து ஏதோ அடித்துவிட்டான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “எனக்குப் படிப்பு சுத்தமாக் கிடையாது. இவரு எட்டாவது. ஆனா படுத்த பொறகும் எந்திரிச்சு எந்திரிச்சு ரூம் பூட்டை இழுத்துப் பாக்குறவரு. ஸ்டோருக்குப் பயந்தவன்தானே வேணும், முதலாளி?”

வேலை எனக்குக் கிடைத்தது. ஆனால் முதீர் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது அவனைத்தான்; அதில் இன்றைக்கும் எனக்குப் பொறாமை உண்டு.

அவன் வெயிலிலேயே இருந்தான். மதியத்தில் சட்டை நனைந்து வருகிறவனை ஏசிக்குள் இழுத்துக்கொள்வேன். அட்டைப்பெட்டிகள் மேல் சாய்ந்த மறுகணமே குறட்டை விடுவான். போர்மேன் வந்துவிடுவாரோ என்று கதவருகே நின்று, அவன் படாத பயத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டிருப்பேன்.