ஆசீர்வாதம் என்று நினைத்து எழுந்தவன்

“...உக்காருங்க, இன்னும் ஆசீர்வாதம் வரல” என்று என் மனைவி ஸ்டெல்லா சட்டை ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் நான் முழுசாக எழுந்துவிட்டிருந்தேன். மண்டபத்தில் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, நான் ஒருவன் மட்டும் கம்பம் நட்ட மாதிரி நின்றேன்.

அசதியான ஆளை ஆராதனைக்குக் கூட்டிப்போகவே கூடாது.

எங்கள் சபை மாநாட்டுக்குத் தேதி குறித்தவர் வெளியூர்ப் பிரசங்கியார். திருவண்ணாமலையில் எந்தக் காரியத்துக்கு நாள் வைத்தாலும் பௌர்ணமி எப்போது என்றுதான் முதலில் பார்ப்போம். (எல்லா மதத்தாரும்தான். சாமிக்காக இல்லை, பஸ்ஸுக்காக.) அவருக்கு அது தெரியாது. எங்கள் பாஸ்டருக்கோ சொல்லக் கூச்சம். ஆக, மாநாட்டின் கடைசி நாள் சரியாகப் பௌர்ணமியில் வந்து விழுந்தது. கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையை அடைத்துவிட்டார்கள். நாற்காலி ஏற்றி வந்த வண்டி ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. கீழ்பென்னாத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், காகிதக் கட்டுக்கு மேல் கனமான எதையும் தூக்கிப் பழகாதவன், “நான் இருக்கேன் பாஸ்டர்” என்று சொல்லித் தொலைத்தேன்.

தலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு, மலை சுற்றும் ஜனத்தோடு ஜனமாக நடந்தேன். பக்கத்தில் வெறுங்காலோடு வந்த ஓர் அம்மா கொஞ்ச தூரம் என்னையே பார்த்தபடி வந்தார்.

“நாற்காலி தூக்கிட்டு சுத்தறேன்னு வேண்டிக்கிட்டியா கண்ணு?”

“இல்லம்மா, இது சர்ச்சுக்கு.”

“எதுக்கா இருந்தா என்ன, தூக்கறது நீதானே. நல்லா இருப்ப, போ.”

மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். அதைப் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலிகளோடு சேர்ந்து அதுவும் தலையிலேயே உட்கார்ந்துகொண்டது. அப்படி எத்தனையோ நடை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆராதனை. வாலிபர்கள் குதித்த குதியில் மேடை ஆடியது. ட்ரம்ஸ் நெஞ்சுக்குள் இடித்தது. முன்வரிசை சிஸ்டர் ஒருவர் என் மூக்குக்கு நேராக டாம்பரினைக் குலுக்கினார். அத்தனைக்கும் நடுவில் நான் தூங்கினேன். பிரசங்கியார் “எல்லாரும் கண்களை மூடுங்கள்” என்றபோது நான் ஏற்கெனவே கீழ்ப்படிந்திருந்தேன்.

தூக்கத்தின் ஆழத்தில் “எழுந்து நில்லுங்கள்” என்பது மட்டும் கேட்டது. பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: கடைசி ஆசீர்வாதம், அப்புறம் வீடு. கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டன.

அவர் முழுதாகச் சொன்னது இது: “செய்கிற தொழிலை விட்டுவிட்டு, மலைக் கிராமங்களுக்கு முழுநேர ஊழியத்துக்குப் போகிறவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள்.”

“ஸ்தோத்திரம், ஒருத்தர் வந்துட்டார்” என்று அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். “என்ன தொழில் பிரதர்?”

“ஜெராக்ஸ்.”

“அதை விட்டுடறீங்க இல்லையா? மைக்ல சொல்லுங்க.”

பின்வரிசைப் பெண்கள் ஸ்டெல்லாவிடம் குனிந்து, “குடுத்து வெச்சவம்மா நீ” என்று மூக்கை உறிஞ்சினார்கள். அந்தக் கடையில்தான் எங்கள் சோறு. விடுகிறேன் என்றால் பொய், அதுவும் ஆண்டவர் சந்நிதியில். தூங்கிவிட்டேன் என்றால் உண்மை, அதுவும் அதே சந்நிதியில். மைக்கில் என் மூச்சு மட்டும் புஸ்புஸ்ஸென்று மண்டபம் முழுக்கக் கேட்டது.

இன்றைக்கும் எங்கள் பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்வதற்கு முன் என் பக்கம் திரும்பி, “இது அதுதான், நீங்க நிக்கலாம்” என்கிறார். மாமியார் வீட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட மச்சான், “எந்த மலைக்கு மாமா?” என்கிறான். எனக்கும் பழகிவிட்டது. ஆனால் இவர்கள் இப்படிச் சிரிக்கும்படி அந்தக் காரியத்தை முடித்து வைத்தவள் ஸ்டெல்லாதான்.

அவள் எழுந்து நின்றாள்.

“பாருங்க, குடும்பமாவே வந்துட்டாங்க” என்று பிரசங்கியார் கையை உயர்த்த, மண்டபமே கைதட்டியது. தட்டி ஓயும்வரை ஸ்டெல்லா காத்திருந்தாள். பிறகு என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

“ஐயா, நான் ஊழியத்துக்கு ஒப்புக்குடுக்க நிக்கல. இவர உக்கார வெக்க நிக்கிறேன். காலைலேர்ந்து நாற்காலி சுமந்த மனுஷன், தூக்கத்துல எழுந்துட்டாரு.”

சொல்லிவிட்டு மைக்கை அவரிடமே கொடுத்தாள். என் தோள்களில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தி, நான் சுமந்து வந்த நாற்காலியிலேயே என்னை உட்கார வைத்தாள்.