சொந்த வீட்டு வாடகைக்காரன்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் பத்து நாள் எங்களோடு வந்து தங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மகிழ்ச்சியில் நெஞ்சு படபடத்தது என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் படபடத்தது மகிழ்ச்சியினால் அல்ல.

நான்கு வருடங்களுக்கு முன் பெண் பார்க்க வந்தபோது, "வீடு சொந்தமாங்க?" என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். "சொந்தம் மாதிரிதாங்க" என்று சொன்னேன். 'சொந்தம்' மட்டும் சத்தமாக வந்தது. 'மாதிரிதாங்க' இருமலில் போய்விட்டது. அந்த இருமல் தானாக வந்ததல்ல, நானே வரவழைத்தது. இதை எழுதும்போது கூசுகிறது. இது வாடகை வீடு, சம்பந்தி. என் மகளுக்கு இது தெரியும். வாயைத் திறக்காதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சியது நான்தான். அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குடிவந்த நாளிலேயே தெருவில் சொல்லி வைத்த பொய்யைத்தான் உங்களிடமும் சொன்னேன், ஒரே மாதிரி இருக்கட்டுமே என்று. வீட்டுக்காரர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அவர் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால், "என் தம்பி முறை" என்று எதிர்க்கடைத் தையல்காரரிடம் சொல்லிவிடுவேன். மாதம் பிறந்தால் நானே அவர் கடைக்குப் போய் வாடகையைக் கொடுத்து, ரசீதை வாங்கி, திரும்பும் வழியிலேயே சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிடுவேன். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதல்லவா?

போன மாதம் அவரிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ஏழு நாளில் வீட்டைக் 'காளி' செய்யவும் என்று எழுதியிருந்தது. அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவன் ஆயிற்றே, சிவப்புப் பேனாவை எடுத்து 'காலி' என்று திருத்தி முடித்த பிறகுதான், காலி செய்ய வேண்டியது நான் என்பதே உறைத்தது. தன் மகனுக்கு இங்கே உடற்பயிற்சிக் கூடம் வைத்துக் கொடுக்கப் போகிறாராம். எட்டாம் நாள் ஆள் அனுப்பித் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார். மோட்டார் ரிப்பேர் என்று தையல்காரரிடம் சொல்லி, அவர் கடைக் குழாயிலிருந்து என் மனைவி குடம் குடமாகச் சுமந்தாள். நான் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவள் குடத்தை என் காலடியில் 'டங்'கென்று வைத்தாள்.

"வெக்கப்பட்டா தண்ணி வந்துடுமா? வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு உதவி செய்ய ஆபீஸ் இருக்காமே. கிளம்புங்க."

போனோம். அங்கிருந்த வக்கீலம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முறையான நோட்டீஸும் விசாரணையும் இல்லாமல் யாரும் யாரையும் வெளியேற்ற முடியாது, தண்ணீரை நிறுத்துவதே குற்றம் என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் கேட்டார்:

"வாடகை ரசீது இருக்கா ஐயா?"

"இருந்துச்சும்மா."

"இப்போ?"

"கிழிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தார். "சரி, அக்கம்பக்கத்துல ரெண்டு பேரையாவது சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

தையல்காரரையும், இதே தெருவில் இருக்கும் பிளம்பரையும் கூப்பிட்டேன். "பன்னிரண்டு வருஷமா நான் இங்க இருக்கேன்னு சொன்னாப் போதும்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போனேன். அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. விசாரணை அதிகாரி முன்னால் பெயிண்ட் கடைக்காரர், "பாவம்னு இரக்கப்பட்டு சும்மா தங்க வெச்சேங்க. ஒரு பைசா வாங்கினதில்ல" என்று கூசாமல் சொன்னார். அதற்குள் தையல்காரர் எழுந்துவிட்டார்.

"அநியாயம்யா! வீட்டுக்குச் சொந்தக்காரரையே தம்பி துரத்துறாரு!"

"ஆமாங்க," என்றார் பிளம்பர். "என் சொந்த வீடு, நல்ல குழாயாப் போடுப்பான்னு என்கிட்டயே சொன்னாரு."

வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். பெயிண்ட் கடைக்காரருக்கோ முகம் சிவந்துவிட்டது.

"யாருய்யா சொந்தக்காரன்? இந்த ஆளா? பன்னிரண்டு வருஷமா மாசாமாசம் என் கடை வாசல்ல நின்னு வாடகை குடுத்துட்டுப் போற ஆளுய்யா இவரு!"

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார் அதிகாரி.

எழுதி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்க சொல்லுங்க. சொந்தமா, வாடகையா?" சொன்னேன். "காதுல விழல, சத்தமா." இந்த முறை இரும முடியவில்லை. "வாடகைதாங்க" என்றேன், அந்த இரண்டு பேர் முன்னாலும். எனக்காக ஒரு நாள் வேலையை விட்டு வந்தவர்கள் அவர்கள். மூன்று நாளில் மோட்டாரை மாட்ட வேண்டும், முறைப்படி அல்லாமல் காலி செய்யச் சொல்லக் கூடாது, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும் என்று உத்தரவானது. வென்றுவிட்டேன் என்று வக்கீலம்மா சொன்னார். எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

திரும்பும்போது தையல்காரர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். தெருமுனை வந்ததும், "நானும் கடையை வாடகைக்குத்தான் வெச்சிருக்கேன். அதைச் சொல்லிச் சொல்லி என் வாய் கோணியா போச்சு?" என்று கேட்டுவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகுதான் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

இனி ஒரு பொய்யும் இல்லை. வாடகை வீடானாலும் உங்கள் இருவருக்கும் இங்கே இடம் உண்டு, தண்ணீரும் வருகிறது. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

தலைகுனிந்து,
தங்கள் சம்பந்தி

பி.கு.: இந்தக் கடிதத்தைச் சம்பந்தியம்மாவிடம் மட்டும் காட்ட வேண்டாம். வீட்டை நான் போன மாதம்தான் விற்றதாகவும், வாங்கியவர் வற்புறுத்தியதால் அதிலேயே வாடகைக்கு இருப்பதாகவும் சொல்லிவிடுங்கள். விற்ற பணம் எங்கே என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அதற்கு மட்டும் நீங்கள் ஏதாவது யோசித்து வையுங்கள்.