குதிக்காத பின்சக்கரங்கள் பற்றி மைத்துனருக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனருக்கு, உன் அக்காவின் கணவன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. எழுத்தின் அளவைப் பார்த்து மிரளாதே, சின்னதாக எழுத இன்னும் சொல்லித்தரவில்லை. இங்கு நானும் உன் அக்காவும் நம் பெண்ணும் நலம். நீ அவளுக்குக் கொடுத்த கார் போன வாரம் வரை நலமில்லை, இப்போது அதுவும் நலம். உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். இத்துடன் திங்கட்கிழமை முடிந்தது. மீதி நாளைக்கு.

இன்று செவ்வாய். போனில் இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்குக் கடிதம் எதற்கு என்கிறாள் உன் அக்கா. போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் அது முடியாது. மேலும் நான் முப்பத்துநாலு வருடம் ரோடு ரோலர் ஓட்டி, சம்பளத் தாளில் கட்டைவிரலை வைத்தவன். அறுபத்தெட்டு வயதில் எழுத்து வகுப்பில் சேர்ந்து ஏழு மாதத்தில் எழுதும் முதல் கடிதம் இது. அது உனக்கு வருகிறது, சந்தோஷப்படு.

விஷயம் என்னவென்றால், நீ போனில் சொன்னாயே, "அடுத்த கார் பந்தயத்துக்கு லாரியோட வரேன் அத்தான். வண்டி அன்னைக்கும் குதிச்சா அப்படியே ஏத்திக்கிட்டுப் போயிடுவேன். அவ காலுக்கு அந்த வண்டி தாங்காது" என்று. அதைப் பக்கத்தில் நின்று நம் பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள். கார் பட்டறை வைத்து நாலு பேர் வண்டியை ஓட வைக்கிறவளுக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார். குற்றம் அவள் காலில் இல்லை, ரப்பரில் இருக்கிறது. அவள் எனக்கு விளக்கினாள், நான் உனக்கு விளக்குகிறேன். இந்தக் காரில் பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். என் ரோலரில் அந்தக் கதையே கிடையாது, சக்கரம் ஏறினால் நானும் ஏறுவேன். காரில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகள் அடிச்சட்டத்தோடு சேருகிற இடத்தில் வளையம் மாதிரி ரப்பர் புஷ் வைத்திருக்கிறார்கள். அது பழசாகித் தொளதொளத்துப் போனால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சக்கரம் வழுக்கும், ரப்பர் விட்டுக்கொடுக்கும், சக்கரம் பிடிக்கும், திரும்பவும் முறுக்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் இது பத்துத் தடவை நடந்துவிடுகிறது. அதுதான் குதிப்பு. போன ஓட்டத்தில் அச்சுத்தண்டு முறிந்ததும் அதனால்தான்.

இன்று வியாழன். நேற்று கை வலித்தது. அவள் கெட்டி ரப்பர் புஷ்ஷும் தடித்த அச்சுத்தண்டும் வரவழைத்தாள். பெட்டிக்குள் பன்னிரண்டு பக்கத்தில், நம் மொழியில், மாட்டும் முறை அச்சடித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

"நான் படிக்கிறேம்மா, நீ போல்ட்டைப் பாரு" என்றேன்.

காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். "அப்பா, நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள டயர்ல காத்து இறங்கிடும்."

"இறங்கினா அடிச்சுக்கலாம். உள்ள போ."

போனாள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் படிக்க அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள். மூன்றாம் பக்கத்தில் அடியிலிருந்து குறட்டை வந்தது, காலைத் தட்டி எழுப்பினேன். இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படித்தவர்கள் எப்படிப் பக்கம் புரட்டுகிறார்கள் என்று நான் பல வருடமாகக் கவனித்து வைத்திருக்கிறேன். பேங்கில், தபாலாபீசில், எங்கே பார்த்தாலும் விரலை நாக்கில் தொட்டு, எதிரே நிற்கிறவனைப் பார்க்காமல், ஒரு அலட்சியத்தோடு புரட்டுவார்கள். நானும் அப்படியே புரட்டினேன். அலட்சியம் நன்றாகவே வந்தது. "எல்லா போல்ட்டுகளையும் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கவும்" என்று படித்தேன். அளவு வந்ததும் டிக் என்று சத்தம் போடுகிற ஸ்பேனர் ஒன்று அவளிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் டிக் டிக் என்று இறுக்கிவிட்டு, ஸ்டாண்டிலிருந்து காரை இறக்கினாள்.

இறங்கிய கார், கீழே விழுந்த கண்ணாடியைத் தேடிக் குனிந்தவன் மாதிரி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. சரி, புதுசு, போகப் போகச் சரியாகும் என்று கிடங்குக்குப் பின்னாலுள்ள ஆளில்லாத தெருவுக்குக் கொண்டு போய் மிதித்தாள். மைத்துனரே, பழைய குதிப்பே தேவலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பல் செட் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தாள். "மாமா சொன்னதுதான் சரிப்பா. ரப்பரையும் மாத்தியாச்சு, இன்னும் குதிக்குது. என் கால்தான் தப்பு. கொண்டு போகட்டும்" என்று சாவியைக் கொத்திலிருந்து கழற்றி பிரிட்ஜ் மேல் வைத்தாள். உன் அக்கா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் உருட்ட ஆரம்பித்தாள். உன் அக்கா பாத்திரம் உருட்டினால் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

இன்று சனி. அவள் சாவியைக் கழற்றி வைத்த அன்று சாயங்காலம் உன் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே, "அப்படி என்னதான் அந்தக் காகிதத்துல போட்டிருக்கு? எனக்கும் படிங்களேன்" என்றாள். என்னைப் படிக்கச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அஞ்சாம் பக்கம் முடிந்து அடுத்த பக்கத்தைப் பார்த்தால், மூலையில் எட்டு என்று இருக்கிறது. எழுத்துதான் எனக்குப் புதுசு, எண் சின்ன வயதிலிருந்தே தெரியும். தடவிப் பார்த்தேன். என் எச்சிலும் கிரீஸும் சேர்ந்து ஒரு தாளை அடுத்த தாளோடு ஒட்டிவைத்திருந்தன. நகத்தால் பிரித்தால் ஆறும் ஏழும் உள்ளே பத்திரமாக இருந்தன. அதில் போட்டிருந்தது: "போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் திருகி வைக்கவும். வண்டியைச் சக்கரங்களில் நிற்க வைத்து, ஓட்டுபவரின் எடையும் இருக்கும்போது மட்டுமே முழுதாக இறுக்கவும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்றுவிடும்."

காகிதத்தை நம் பெண்ணிடம் கொண்டுபோய் நீட்டினேன். ஒரு தடவை படித்தாள். காகிதத்தின் ஓரத்தைத் தடவினாள்.

"அப்பா, எச்சில் தொட்டா புரட்டினீங்க?"

"படிச்சவங்க அப்படித்தானேம்மா புரட்டறாங்க?"

அன்றைக்குத்தான் ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு பிரிட்ஜ் மேலிருந்த சாவியை எடுத்தாள். மறுநாள் காலை காரைச் சாய்பலகைகள் மேல் சக்கரத்தோடு நிற்க வைத்து, எல்லா போல்ட்டையும் தளர்த்தினாள். ஓட்டுகிறவள் எடை வேண்டும், ஓட்டுகிறவளோ அடியில் படுத்திருக்கிறாள். ஆகவே உன் அக்காவை ஏற்றி உட்கார வைத்தோம். "என் எடை என்னன்னு யாரும் கேட்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று கண்டிஷன் போட்டு, மீதி வெங்காயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். நான் காய்ந்த விரலால் புரட்டி, பக்க எண்ணையும் சேர்த்துச் சத்தமாகப் படித்தேன். டிக் சத்தத்தை எண்ணிக்கொண்டேன், பதினாறு. கார் ஒழுங்காக நின்றது.

அதே தெரு. இந்தத் தடவை நான் ஓரமாக நின்றேன். மிதித்தாள். பின்பக்கம் லேசாக உட்கார்ந்தது, அவ்வளவுதான். சத்தம் என் பக்கத்திலேயே இருந்தது, கார் தெருக்கோடியில் இருந்தது. திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, குதிக்கலை."

"பார்த்தேன்."

"இல்லப்பா, குதிக்கவே இல்லை."

ஆகையால் மைத்துனரே, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு கார் பந்தய மைதானத்துக்கு நீ வர வேண்டும், லாரி வரக் கூடாது. லாரியைப் பார்த்தால் அவள் கால் நடுங்கும். பஸ்ஸில் வா. முன் வரிசையில் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன். உன் மனைவிக்கு எங்கள் அன்பைச் சொல். உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், என்னைவிடச் சீக்கிரமாகப் படிக்கட்டும். நீயும் நீண்ட நாள் நோயில்லாமல் இரு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இன்று புதன். ஞாயிறு போய் மூன்று நாள் ஆகிறது. ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்டது எதையும் நீ செய்ய வேண்டாம். நீ லாரியோடுதான் வந்தாய். அவள் கால் நடுங்கவில்லை. கார் கோடு போட்ட மாதிரி போய் மூன்றாவதாக வந்தது, நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாய், லாரி காலியாகத் திரும்பியது. "வண்டிக்கு என்னதான் அத்தான் பண்ணீங்க?" என்று கேட்டாய். "எழுதிக்கிட்டிருக்கேன், தபால்ல வரும்" என்றேன். வந்துவிட்டது. பதில் எழுது. மறக்காமல் பக்கத்துக்கு எண் போடு.