கேத வீட்டு வாத்து

இந்தக் கிறிஸ்மஸுக்கு வாத்துக்கால் தன் வாய்க்குள்தான் போக வேண்டும் என்று குருசாமி முடிவு கட்டிவிட்டார்.

ஆனைக்கரையில் டிசம்பர் பிறந்துவிட்டால் எந்தச் சாமி கும்பிடுகிற வீடு என்ற கணக்கெல்லாம் கிடையாது. எல்லா வாசலிலும் ஸ்டார் தொங்கும். குருசாமி வீட்டில் கூடுதலாக ஒன்று நடக்கும். போடியிலிருந்து மச்சினன் ஈஸ்வரன் குடும்பத்தோடு ஜீப்பில் வந்து இறங்குவான். கட்டில் அவனுக்கு. கம்பளி அவன் பெண்டாட்டிக்கு. வாத்துக்கு இருப்பதே ரெண்டு கால், ரெண்டும் அவன் இலைக்கு. வருஷம் பூரா ஏலக்காய்க் காட்டில் அட்டைக்கு ரத்தம் கொடுத்த குருசாமிக்குக் கழுத்து.

"அக்கா வீட்டுக்கு ஆசையா வர்ற புள்ள, திங்கட்டுமே" என்பாள் குருசாமியின் பெண்டாட்டி பூமாரி.

இந்த வருஷம் குமுளியில் வாங்கிய வாத்து கொல்லையில் உலாத்தியது. குருசாமி அதன் மூஞ்சியைப் பார்த்ததே இல்லை. காலைத்தான் பார்த்தார். பார்க்கப் பார்க்க யோசனை பிறந்தது.

"பூமாரி, சின்னமனூர் காளிச்சாமி சித்தப்பா தவறிட்டாராம்."

"யாரு, நம்ம கல்யாணத்துல ரசத்தை மட்டும் குறை சொன்னாரே, பெரிய மீசை?"

"அவருதான். பங்காளியாச்சே, நமக்குத் தீட்டு. ஸ்டார் வேணாம். விருந்தாளியும் வேணாம். ஒந்தம்பிகிட்டச் சொல்லிரு."

"கேதத்துக்குப் போகலையா?"

"நேத்தே எடுத்துட்டாங்களாம்."

"அப்ப வாத்து?"

"தூரத்துப் பங்காளிதான. தீட்டு சீக்கிரம் கழிஞ்சிரும். பொறகு நாம ரெண்டு பேரும் மெதுவாத் திம்போம்."

பூமாரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று குருசாமிக்கு மனசு உறுத்தியது. வாத்துக்காலை நினைத்ததும் சரியாகிவிட்டது.

கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம் ஊரே மினுங்கியது. பக்கத்து வீட்டு இன்பமேரி எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, எல்லாரு வாசல்லயும் ஸ்டாரு தொங்குது, ஒங்க வாசல்ல மட்டும் மூஞ்சி தொங்குது?"

அதற்குள் ஜீப் வந்து நின்றது. ஈஸ்வரன் அண்டா குண்டாவோடு குதித்தான்.

"நீ எதுக்குடா வந்த? வீட்ல கேதம்டா."

"அதுக்குத்தான மச்சான் ஓடி வந்தோம்."

"கேத வீட்ல அடுப்பு மூட்டக் கூடாதுங்க" என்றாள் பூமாரி. "பொறந்த வீட்டுக்காரங்க வந்துதான் பொங்கிப் போடணும். இவ்வளவு வயசாச்சு, வழக்கம் தெரியாதா?"

"வழக்கம் தெரியும். ஒந்தம்பி எதுக்குக் கொல்லையில வாத்தை உரிக்கிறான்?"

"அவனுக்கு ஏதுங்க தீட்டு? நீங்கதான பங்காளி. ஒங்களுக்குக் கஞ்சியும் தொவையலும் தனியா இருக்கு."

"ஸ்டாரு?"

"ஒங்க மச்சினன் கொண்டாந்தது. அதுக்கும் தீட்டு கிடையாது. ஏணியை மட்டும் செத்தப் பிடிங்க."

குருசாமி ஏணியைப் பிடித்தார். மேலே ஈஸ்வரன் பாட்டுப் பாடிக்கொண்டே ஸ்டார் கட்டினான். உள்ளேயிருந்து மிளகு போட்ட வாத்து வாசம் வந்தது. ஏணி ஆடியது. ஈஸ்வரன் ஆட்டவில்லை, பிடித்தவர் அடுப்படிப் பக்கம் எக்கி எக்கிப் பார்த்ததில் ஆடியது. அதற்கு மேல் தாங்கவில்லை.

"பூமாரி, இங்க வா. அந்தச் சித்தப்பா விஷயம், ஆளு மாத்திச் சொல்லிட்டாங்க போல. சாகலையாம்."

"அது அன்னைக்கே தெரியுமேங்க. கேதம் கேக்கலாம்னு அவரு வீட்டுக்குப் போன் போட்டேன். அவருதான் எடுத்தாரு."

ஜீப்பின் பின்சீட்டில் ஏதோ செருமியது. மலை வளைவில் தலை சுற்றிப் படுத்திருந்த பெரிய மீசை ஒன்று எழுந்து இறங்கியது.

"ஏன்டா குருசாமி, என்னைய எப்படா எடுத்தீங்க?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. குருசாமி அவமானத்தை விழுங்கினார். ஒரு நல்லது இருந்தது, தீட்டு இல்லை. முதல் ஆளாக இலை முன்னால் உட்கார்ந்தார். பூமாரி ஒரு காலைத் தம்பிக்கு வைத்தாள். அடுத்த கால் கரண்டியில் ஏறி, மிளகுக் குழம்பு சொட்டச் சொட்டக் குருசாமி இலைக்கு மேலே வந்து, நிற்காமல், சித்தப்பா இலையில் போய் இறங்கியது.

"செத்தவருக்குப் படைக்காம நாம எப்பிடிங்க திங்கிறது?" என்றபடி கழுத்தை எடுத்துக் குருசாமி இலையில் வைத்தாள் பூமாரி.