கொட்டாவி மாஸ்டரின் தூக்கப் பீரியடு

ஒரு பள்ளிக்கூடம் முழுவதையும், தலைமையாசிரியரையும் சேர்த்து, பட்டப்பகலில் தரையில் படுக்கப்போட்டு, "மூச்! ஒருத்தரும் கண்ணைத் திறக்கக் கூடாது" என்று அதட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் கொட்டாவி மாஸ்டர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று கேட்காதீர்கள். கூட வேலை பார்த்த எனக்கே தெரியாது.

அறுபதுகளின் தொடக்கம். திருத்தங்கலுக்குக் கொஞ்சம் தள்ளி, டிரைவர் மனசு வைத்தால் மட்டும் பஸ் நிற்கிற ஓர் ஊர். அங்கே நான் கணக்கு வாத்தியார், அவர் ட்ரில் மாஸ்டர். ட்ரில் மாஸ்டர் என்றதும் மீசையும் கட்டுமஸ்தான உடம்புமாக ஒருவரைக் கற்பனை செய்துவிட வேண்டாம். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. குரல் மட்டும் ஊரைக் கூட்டும்.

ஊரிலுள்ளவர்களின் ஆரோக்கியமெல்லாம் தன் பொறுப்பு என்று அவராகவே முடிவு செய்து வைத்திருந்தார். காலையில் பிரேயர் முடிந்ததும் பிள்ளைகளின் கையைப் பார்ப்பார். எங்கள் பிள்ளைகளின் கையை நீங்கள் பார்த்ததில்லையே! நகக்கண்ணில் தீப்பெட்டி ஒட்டுகிற பசை காய்ந்து கிடக்கும். பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வருகிற அக்கா, அண்ணன் இருக்கிற வீட்டுப் பிள்ளை என்றால் பட்டாசு மருந்தில் கலக்கிற வெள்ளிப் பவுடரும் மினுங்கும். மாஸ்டர் கிணற்றடியில் புளியும் கையுமாக உட்கார்ந்து, குத்துவிளக்கு விளக்குவது போல ஒவ்வொரு கையையும் தேய்ப்பார். "சார், தோலு போயிரும் சார்!" என்று பிள்ளைகள் கதறும். "போனா மொளைக்கும்லே, காட்டு" என்பார்.

பிள்ளைகளோடு விட்டாரா? எங்களையும் பிடித்துக்கொண்டார். வகுப்பு வாசலில் நின்று, "சார், நாக்கை நீட்டுங்க" என்பார். நீட்டாவிட்டால் நகரமாட்டார். ஒருநாள் ஹெட்மாஸ்டர் தன் அறையில் நாக்கை முழுநீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் உள்ளே வந்துவிட்டார். நிலபுலன்காரர், மரியாதைக்கு அலைகிறவர். தன்னைத்தான் பழிக்கிறார் என்று நினைத்து வந்த வேகத்தில் திரும்பிப் போனவர், அப்புறம் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்ததையும் மறந்துபோனார்.

கொட்டாவி மாஸ்டர் என்கிற பெயர் வந்த காரணத்துக்கு வருகிறேன். கொட்டாவி எங்கே கிளம்பினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். தீபாவளி சீசன் நெருங்கினால் எங்கள் பள்ளிக்கூடமே கொட்டாவிதான். வீட்டுக்கு வீடு விளக்கை வைத்துக்கொண்டு தீப்பெட்டி ஒட்டுவார்கள், பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுவார்கள். காலையில் பிள்ளைகள் வந்து உட்காரும், கண் தானாகச் சொருகும். எனக்கும் கதை அதுதான். நான் குடியிருந்த அறைக்கு அடுத்த சுவரில் ஓர் அச்சாபீஸ். காலண்டர் ஆர்டர் வந்துவிட்டால் மெஷின் விடிய விடிய ஓடும்.

ஒருநாள் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் பாதி சாய்ந்துவிட்டது. பாடம் நடத்துகிற எனக்கே வாய் பிளந்தது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"சார், நிறுத்துங்க! தூங்குத வாத்தியாரு தூங்குத பிள்ளைகளுக்குச் சொல்லுத கணக்கு யாருக்கு வெளங்கும்?"

அன்றைக்கே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய், மத்தியானம் ட்ரில் பீரியடில் இனிமேல் பள்ளிக்கூடம் மொத்தமும் தூங்கும் என்று அறிவித்துவிட்டார். ஹெட்மாஸ்டர் கோபக்காரர். பிரம்பைக் கீழே வைத்து நாங்கள் பார்த்ததில்லை. "உமக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று எகிறினார். மாஸ்டர் அசரவில்லை. "சார், நீங்க ஒருநாள் படுத்துப் பாருங்க. நல்லால்லேன்னா என்னைய அந்தப் பிரம்பாலேயே அடிங்க" என்றார்.

ஹெட்மாஸ்டர் படுத்தார். அப்புறம் அவரை எழுப்பப் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! எழுந்தவர் முகத்தில் அதுவரை நாங்கள் பார்த்திராத ஒன்று தெரிந்தது. சிரிப்பு. பிரம்பு அன்றைக்கு அலமாரிக்கு மேலே போனது, இறங்கவே இல்லை.

ஓட்டுக் கட்டடத்துக்குள் வெக்கை தாங்காது என்று எல்லோரையும் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார். ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். நேர் நேராக வரிசை, எல்லோரும் இடதுபக்கம் ஒருக்களிக்க வேண்டும். ட்ரில் அல்லவா! அந்த வரிசைதான் வினையாகப் போனது.

முத்தம்மா என்று ஒரு தாய். ஒட்டி முடித்த பெட்டிகளைக் கூடையில் சுமந்து கம்பெனிக்குக் கொண்டுபோகிறவள், குறுக்குவழியில் பள்ளிக்கூடப் பக்கம் வந்தாள். சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தாள். மரத்தடியில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் கிடக்கிறார்கள், அசைவில்லை. வேறு ஊர்க்காரர்கள் என்றால் என்ன நினைப்பார்களோ தெரியாது. கம்பெனியில் வெடித்தால் ஆட்களை எப்படிக் கிடத்துவார்கள் என்று பார்த்த ஊர் எங்கள் ஊர்.

"ஐயையோ, அம்புட்டும் போச்சே!" என்று கூடையைப் போட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினாள்.

அவ்வளவுதான். கம்பெனியிலிருந்து மணல் வாளியும் ஈரச்சாக்குமாக ஆட்கள் ஓடிவந்தார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் முதலில் கண்ணில் பட்ட ஹெட்மாஸ்டர் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான். அவர் "எவம்லே அது?" என்று துள்ளி எழுந்ததும், செத்தவர் எழுந்துவிட்டார் என்று நாலு பேர் ஓடினார்கள். பாதிப் பிள்ளைகள் அலறியடித்து விழித்து, அழுகிற அம்மாக்களைப் பார்த்து அழ ஆரம்பித்தன. இத்தனைக்கும் நடுவில் கொட்டாவி மாஸ்டர் கைகூப்பி ஓடிக்கொண்டிருந்தார். "சத்தம் போடாதீக! கும்புடுதேன், சத்தம் போடாதீக! பிள்ளைக தூங்குது!"

பஞ்சாயத்துத் தலைவர் சும்மா இருப்பாரா? "பள்ளிக்கூடமா, சத்திரமா? இந்தாளை இங்கனயிருந்து தூக்குனாத்தான் ஆச்சு" என்று மேலே சொல்லிவிட்டார். விசாரணைக்குக் கல்வி இலாகா டிப்டி இன்ஸ்பெக்டர் வருகிறார், மாஸ்டரை மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. தூக்கப் பீரியடு நின்றது. மாஸ்டர் யாருடைய நாக்கையும் பார்க்கவில்லை. நானே வலியப் போய் நீட்டினேன். "நல்லாருக்கு சார்" என்று பார்க்காமலே சொன்னார்.

விசாரணை அதே வேப்பமரத்தடியில் நடந்தது.

"ட்ரில் மாஸ்டர் வேலை என்னய்யா? பிள்ளைகளை ஓடவைக்கிறதா, தூங்கவைக்கிறதா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"தூங்குனாத்தான சார் ஓடும்?" என்றார் மாஸ்டர். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

ஹெட்மாஸ்டர் எழுந்து, "தப்புன்னா நானும்தான் படுத்தேன்" என்றார். அதுவும் எடுபடவில்லை. தலைவர் தன் சாட்சியாக முத்தம்மாவை முன்னால் தள்ளினார். "அன்னைக்கு நீ பயந்ததைச் சொல்லு."

"பயந்தேன் சாமி. ஈரக்குலையே பதறிப்போச்சு" என்றாள் முத்தம்மா. "திரும்ப ஓடியாந்து எம் மகளைத் தொட்டுப் பாத்தேன். மூச்சு வந்துச்சு. அம்புட்டுச் சத்தத்துலயும் அவ முழிக்கலை. சீசன் வந்தா எங்க வீட்டுல தூக்கத்துலயும் அவ கை பொட்டி ஒட்டிக்கிட்டே இருக்கும் சாமி. ஆடிக்கிட்டே கெடக்கும். அன்னைக்குத்தான் அந்தக் கை சும்மா கெடந்துச்சு. இந்த சாரை மாத்திராதீக."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ரொம்ப நேரம் பிள்ளைகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரோட்டோரம் ஒரு ஆளை நிறுத்திட்டுத் தூங்கவைங்க. வாரவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

கூட்டம் கலைந்தபோது முத்தம்மா மாஸ்டரிடம் வந்தாள். "எனக்கும் ஒரு ஓரத்துல எடமிருக்குமா சார்?" என்று கேலியாகத்தான் கேட்டாள். மாஸ்டருக்கு அது கேலியாகப் படவில்லை. "மக பக்கத்துல படுங்கம்மா. யாரு என்ன சொல்லுதாகன்னு நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

மறுநாள் முத்தம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, பெண்பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நிஜமாகவே படுத்துவிட்டாள். பீரியடு முடிந்தது, பிள்ளைகள் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவள் எழவில்லை. ஊரையே கூட்டுகிற குரல்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வகுப்பு வகுப்பாக வந்து, எங்கள் காதோடு கெஞ்சினார்.

"சார், அந்தம்மா பாவம், இன்னும் தூங்குதாக. கொஞ்சம் மெதுவாச் சொல்லிக்குடுங்க."

அன்று சாயங்காலம்வரை பள்ளிக்கூடம் மொத்தமும் வாய்ப்பாட்டைக் கிசுகிசுவென்று சொல்லிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர்கூட வராந்தாவில் விரல் நுனியில் நடந்தார். அந்த மனிதர் கேட்டு, நாங்கள் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்?