ஒனெசிமுக்கு இரவல் கொடுத்த கை

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வலைக்கொட்டகையிலிருந்து ஒரு சத்தம். உர்ர்ர் என்று உறுமியது. சற்று யோசித்தது. புஸ்ஸ்ஸ் என்று பெருமூச்சு விட்டது. மறுபடி உர்ர்ர்.

கடல்நாய் இவ்வளவு தூரம் ஏறி வராது. திருடன் உறுமமாட்டான். ஒரு கையில் எங்கள் கைக்குழந்தை ஸெலி, மறு கையில் பனி அள்ளும் வாரி. காலால் கதவைத் தள்ளினேன்.

சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளுக்கு நடுவே, கவிழ்த்த வாளியின் மேல் என் கணவன் ஒனெசிம். புஜத்தில் பிரஷர் மிஷினின் பட்டை.

"என்ன பண்றே கிழவா?"

எங்கள் லாமெக் தீவில் கல்யாணமான மறுநாளே எல்லோரும் கிழவன், கிழவி. முப்பது வயதானாலும் அதுதான் கொஞ்சல்.

"மிஷின் கெட்டுப்போச்சு கிழவி. நூத்தி அம்பதுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது."

"மிஷினா கெட்டுப்போச்சு?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே! நல்லாத்தானே இருக்கேன்?"

"உங்கப்பாவுக்கும் ஒண்ணும் தெரியல."

அவன் பட்டையைக் கழற்றினான். அவன் அப்பா சுக்கானைப் பிடித்தபடியே மாரடைப்பில் போனவர். ஆள் போன பிறகும் படகு வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது.

வசந்தத்தில் இறால் பருவம் திறக்கும் விடியற்காலை, ஊரே படகுத்துறையில் நிற்கும். பாதிரியார் ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லி ஆசீர்வதிப்பார். அன்றைக்குச் சுக்கானைப் பிடிக்க டாக்டர் லாந்திரியின் சான்றிதழ் வேண்டும். 'வீட்டிலேயே தினம் அளந்து மிஷினோடு வா, எல்லாம் அதன் ஞாபகத்தில் இருக்கும்' என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். ஞாபகசக்தியுள்ள மிஷின்! ஒனெசிமுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

மறுநாள் சாயங்காலம் நான் பால் கொடுத்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து குழைந்தான்.

"கையைக் கொஞ்சம் நீட்டு. மிஷின் சரியா இருக்கான்னு பாக்கணும்."

"என் கை எதுக்கு?"

"பொம்பளைக்கு ஏது பிரஷர்? நம்ம கோயில்ல பாரு, முன்வரிசை முழுக்க விதவைங்க. பெண்டாட்டி செத்தவன்னு ஒரு வரிசை இருக்கா?"

"அவங்க மறு கல்யாணம் பண்ணிட்டுப் பின்வரிசையில இருக்காங்க."

சிரித்தான். சிரித்துக்கொண்டே பட்டையைச் சுற்றினான். அதற்கு அடுத்த நாளும் வந்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் ரத்தத்தைக் காட்டி இவன் கடலுக்குப் போகப் பார்க்கிறான்!

போனால் இவன் படகும் வட்டம் போடும். கேட்டால் மறுப்பான், அழுதால் கட்டிக்கொண்டு ஏமாற்றுவான். ஆகவே என் பிரஷரையே ஏற்றிவிட எதிர்ச்சூழ்ச்சி செய்தேன். அவன் கால் சத்தம் கேட்டதும் கெட்டிக் காப்பி. உப்புப் போட்ட மீன் ஒரு துண்டு. மாடிப்படியில் மேலும் கீழும் ஓட்டம். கடைசியாக நாற்காலியில் அமர்ந்து என் மாமியாரை மனதார நினைத்துக்கொள்வேன்.

மிஷின் அலறியது. அவன் அதைக் கவிழ்த்துப் பார்த்தான், தட்டினான், பாட்டரி மாற்றினான். பிறகு என்னைத் தாங்கத் தொடங்கினான்.

"நீ உக்காரு கிழவி, நான் துணி மடிக்கறேன்."

"உனக்கு மடிக்கத் தெரியுமா?"

"வலையே மடிக்கறேன்!"

ஸெலியின் சட்டைகளெல்லாம் வலை மாதிரியே மடிந்து கிடந்தன. சிரிப்பை அடக்கியே எனக்குத் தலை வலித்தது. தலைவலி முன்பே இருந்ததுதான். பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் ஏது என்று விட்டிருந்தேன். ஒரு நாள் காப்பித்தூள் தீர்ந்துபோயிற்று. ஸெலிக்குச் சளி என்பதால் படி ஏறவுமில்லை. அன்றும் மிஷின் அதே எண்ணைத்தான் காட்டியது. நேற்றைய காப்பியின் வேலை என்று மெச்சிக்கொண்டேன். அன்றைக்காவது யோசித்திருக்கலாம்.

பருவம் நெருங்கியதும் இருவரும் மிஷினோடு போனோம். டாக்டர் லாந்திரி அதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒனெசிம், இந்தக் கணக்குக்கு உன்னைப் படகில இல்ல, குளிக்கிற தொட்டியில கூட இறங்க விடமாட்டேன்."

"ஐயோ டாக்டர், அது என் கையில்ல! இவ கை!"

நான் ஜெயித்துவிட்டேன். காப்பி, மீன், மாமியார் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தேன். அவன் வாய் பிளந்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. இருவரையும் பேசாமல் உட்காரவைத்தாள். பிறகு அளந்தாள். அவனுக்கு அதே நூற்றைம்பது. எனக்கு அதற்கும் மேல். இன்னொரு கையில் அளந்தாள். அப்படியே.

"இன்னிக்குக் காப்பி?"

"குடிக்கல."

"பிரசவத்தப்ப பிரஷர் ஏறிச்சே, அப்புறம் ஏன் வந்து காட்டல?"

"பிள்ளை பிறந்தா தானா இறங்கிடும்னு..."

"எல்லாருக்கும் இறங்காது. இறங்கினாலும் பின்னாடி இதயத்துக்கு ஆபத்து இருக்கு. பொம்பளைங்களுக்கு அது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வரணும்னு இல்ல. தாடை வலியா வரும், முதுகு வலியா வரும், வெறும் களைப்பா வரும்."

அவளும் நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளிதான். ஒனெசிமைப் பார்த்து, "எங்க சிஸ்டர் எர்மின் சொல்லுவாங்க, பக்கத்துப் பொண்ணைப் பாத்து எழுதினா அவ தப்பும் சேர்ந்து வரும்னு" என்றாள். அவனுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. இருவருக்கும் மாத்திரை. எனக்குத் தந்தது பால் கொடுக்கிற தாய்மாருக்கானது.

வண்டியில் திரும்புகையில் என் அம்மா ஞாபகம் வந்தது. அவள் ஐம்பதைத் தாண்டவில்லை. களைப்பில் போய்விட்டாள் என்றுதான் ஊரே சொன்னது. நாங்களும் அப்படியே நம்பிப் புதைத்தோம். அந்தப் பின்வரிசைப் பகடியை நினைத்தேன். ஸெலியை இறுக்கிக்கொண்டேன்.

பருவம் திறந்த காலையில் எங்கள் படகை அவன் சித்தப்பா மகன் ஃபெர்னான் ஓட்டிப்போனான். பாதிரியார் படகின் பெயரைச் சொன்னபோது ஒனெசிம் தொப்பியைக் கழற்றினான். படகு கண்ணை விட்டு மறையும் வரை அதைத் தலையில் வைக்கவே இல்லை. அவன் உயிரோடுதான் நிற்கிறான், அதுதானே நான் கேட்டது? ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் திருப்புளியை எடுத்தான். கல்யாணமானதிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கும் குளியலறைத் தாழ்ப்பாளை ஒருவழியாக மாட்டினான்.

"டாக்டர் அளக்கறதுக்கு முன்னால அமைதி வேணும்னு சொன்னாங்கல்ல? நல்ல இரும்பு. உள்ளேருந்து போட்டா வெளியேருந்து யாராலும் திறக்க முடியாது."

கண் கலங்கிவிட்டது எனக்கு. "எனக்காகவா கிழவா?"

"முதல்ல நான் போயிட்டு வரேனே" என்றான், மிஷினைக் கக்கத்தில் இடுக்கியபடி. "நிதானமா அளக்கணும். ஒரு மணி நேரமாவது ஆகும்."

ஸெலி வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"போ, போ. இவளை ஒரு நிமிஷம் பிடி, சட்டையில பால் கக்கிட்டா."

பிடித்தான். மிஷின் என் கைக்கு வந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். நல்ல இரும்புதான்.