கூழைக்கடாவுக்குக் கைதட்டியவன்

வாசலில் வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில் இன்னும் விடியவில்லை. விஷ்ணுவர்தன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான்.

"விஷ்ணு! பறவைங்க நமக்காக காத்துக்கினு இருக்குமாப்பா?" யதிராஜின் குரல் தெருவையே எழுப்பியது. ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் அவனுடைய மேனேஜர். வாரநாளில் உற்பத்தி, ஞாயிற்றுக்கிழமை பறவை.

மனைவி மாதவி ஆடியில் இறந்தாள். எல்லோரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அதன்பின் அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் படுத்துக் கிடப்பது. மார்கழியில் அதற்கும் கேடு வந்தது. ஆபீஸில் பறவை பார்க்கும் குழு ஒன்று முளைத்தது. முதல் உறுப்பினர் அவன். அவனை யாரும் கேட்கவில்லை.

முதல் வாரம் நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தின் ஏரிக்கரையில் மின்கம்பம் போல நின்றான்.

"ஒண்ணுமே சொல்லலியே அண்ணா?" என்றாள் நந்திதா, ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவள்.

"தூரத்துல ஏதோ வெள்ளையா இருக்கும்மா."

அடுத்த வாரமே எல்லோரும் சேர்ந்து அவனுக்கு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தார்கள். வெள்ளை கிட்டே வந்தது. வேறு மாற்றம் இல்லை.

அதற்கடுத்த வாரம் காய்ச்சல் என்றான். யதிராஜ் பிளாஸ்கில் மிளகு ரசத்தோடு வந்து இறங்கினார். ரசத்தை வேனில் வைத்துக் குடிக்கவேண்டியிருந்தது.

யோசித்துப் பார்த்தான். இவர்களுக்கு வேண்டியது தன் சந்தோஷம். பெரிதாக ஒரு தடவை சந்தோஷப்பட்டுவிட்டால் விடுதலை. அதை இன்றே முடித்துவிடுவது என்று வேனில் ஏறினான்.

ஏரியில் பாதி மூழ்கிய மரங்களின் மேல் பறவைகள் உட்கார்ந்திருந்தன. அலகுக்கடியில் பை தொங்கும் கூழைக்கடா ஒன்று தண்ணீரில் இறங்கியது. பிரமாதமாக ஒன்றும் இறங்கவில்லை. விஷ்ணு கைதட்டினான்.

"ஆஹா! சார், பாத்தீங்களா! என்ன அழகு!"

குதித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மரத்திலிருந்த கூழைக்கடாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போயின.

"ஏமய்யா, அரவொத்து!" கத்தாதே என்று சரணாலயக் காவலர் தெலுங்கில் அதட்டினார்.

பாதியில் நிறுத்தினால் நம்பமாட்டார்கள் என்று பட்டது. "அங்க பாருங்க, நாமக்கோழி! நெத்தியில நாமம் போட்டுக்கினு நீந்துது! நம்ம திருப்பதி கோழி சார்!" மறுபடியும் சிரித்தான். இந்த முறை கண்ணாடி கழன்று சேற்றில் விழுந்தது.

வேறு யாரும் சிரிக்கவில்லை. கோழியையும் பார்க்கவில்லை. அவனையே பார்த்தார்கள்.

"சந்தோஷமா இருக்கியாப்பா?" யதிராஜின் குரல் இறங்கியிருந்தது.

"ரொம்ப சார். மனசு நெறைஞ்சு போச்சு. இனிமே பாக்க ஒண்ணும் பாக்கியில்ல."

நந்திதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள். விஷ்ணு அடுத்த ஞாயிற்றுக்கிழமையின் தூக்கத்தை மனதுக்குள் ஆரம்பித்தான்.

யதிராஜ் திரும்பி வந்து தோளில் கைபோட்டார். "முடிவு பண்ணிட்டோம். இனிமே சனிக்கிழமை சாயங்காலமே கிளம்பறோம். ராத்திரி இங்க பக்கத்துல சூளூர்ப்பேட்டைல தங்கறோம். உன்னைத் தனியா விடறதா இல்லை."

திரும்பும் வழியில் காளஹஸ்தியில் டிபனுக்கு இறங்கினார்கள். விஷ்ணு தூங்குவதுபோல் வேனிலேயே கிடந்தான். அவர்கள் போனதும் டிரைவர் கன்னையாவை எட்டிப் பிடித்தான்.

"கன்னையா, நீயாவது சொல்லு. இவங்களுக்கு இந்தப் பறவைப் பைத்தியம் எப்போ தெளியும்?"

கன்னையா ஸ்டியரிங்கில் சாய்ந்து கொட்டாவி விட்டான்.

"யாருக்கு சார் பறவை வேணும்? வூட்டம்மா போனதுலேந்து நீங்க ஒரு சொட்டு அழலியாம், ஏரிய பாத்தாவது அழுவீங்கன்னுதான் எல்லாரும் வாரா வாரம் காத்துக்கினு கீறாங்க; ஒரே ஒரு தடவ அழுதுடுங்க சார், அவனவன் ஞாயித்துக்கெழம வூட்ல கெடந்து தூங்கலாம்!"